எண்பத்தைந்தில் வந்த நடுக்கம்

வேகமானி எண்பதைத் தாண்டியதும் அக்கா பேச்சை நிறுத்திவிடுவாள். அதுவரை நூல் விலை, பக்கத்து வீட்டுக் கல்யாணம், என் தொப்பை என்று ஒன்றையும் விடாமல் பேசிக்கொண்டு வந்தவள், அவிநாசியைத் தாண்டி வண்டி வேகம் பிடித்ததும் சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு நேராக முன்னால் பார்ப்பாள். வயதாகிவிட்டது, பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நாலு வருடம் ஆகிவிட்டது. அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்காவுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. மிச்சமிருந்த வலது காலை வைத்துக்கொண்டுதான் கருமத்தம்பட்டியில் இருபத்து நான்கு தறி ஓடும் குடோனைத் தனியாக நடத்தினாள். இடது காலுக்கு வேலை வைக்கும் கிளட்ச் மிதி இல்லாத ஆட்டோமேட்டிக் கார் வாங்கும் வரைக்கும், எங்கே போவதென்றாலும் எங்களில் யாருக்கு ஓய்வு என்று கேட்டுக் காத்திருப்பாள். கார் வந்த பிறகு யாரையும் எதற்கும் கேட்டதில்லை. வாரம் இரண்டு தடவை ஈரோட்டுக்குத் தானே ஓட்டிக்கொண்டு போய்த் துணி கொடுத்துவிட்டு வருவாள். மாமா வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் எங்களை அவள்தான் கூட்டிப்போனாள்.

அந்த வருடம் ஆடி மாதத்தில், எண்பத்தைந்து வாக்கில் போகும்போது ஏதோ நடுங்குகிறது என்றாள். மற்ற வேகங்களில் இல்லை, ஊருக்குள் இல்லை. கோவையில் சர்வீஸுக்கு விட்டோம். சக்கரங்களை பேலன்ஸ் செய்து, அலைன்மென்ட் பார்த்து, "சரி பண்ணிப்போட்டோமுங்க" என்று கொடுத்தார்கள். மறுபடியும் நடுங்கியது. மறுபடியும் விட்டோம். மறுபடியும் அதே பணிவோடு அதே பதில். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல வராது. நான் மட்டும் என்ன? சரவணம்பட்டி ஆபீஸில் கணினி முன்னால் உட்கார்ந்து மூன்று காணொளி பார்த்துவிட்டு, வண்டியில் ஒன்றும் இல்லை, இத்தனை வருடம் உடம்பு முழுவதையும் தாங்கிய வலது கால்தான் ஓய்ந்துபோய் மிதியின் மேல் நடுங்குகிறது என்று முடிவு கட்டினேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை. "கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவளுக்குத் தெரியாமல் ஒரு டிரைவரைப் பேசி, திங்கட்கிழமை வந்து பார்க்கச் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவளே கேட்டுவிட்டாள்.

"என்ர காலுன்னுதானே நெனைக்கறே? சொல்லு கண்ணு."

நான் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. "நாளைக்கு வெள்ளென வா. ரெண்டுல ஒண்ணு பாத்துப்போடலாம்" என்றாள்.

ஞாயிறு காலையில் சாலை காலியாகக் கிடந்தது. அவள் முதலில் சோதித்தது தன் காலைத்தான். எண்பத்தைந்துக்கு வந்ததும் க்ரூஸ் கன்ட்ரோல் பொத்தானை அழுத்தினாள். வண்டி அந்த வேகத்தைத் தானே பிடித்துக்கொண்டது. வலது காலை மிதியிலிருந்து எடுத்து, பிரேக்குக்குப் பக்கத்தில் தரையில் ஊன்றினாள். என்னையும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் கால் வைக்கச் சொன்னாள். குடோனிலும் அவள் அப்படித்தான், வெறுங்காலோடு வாசலில் நின்றே எந்தத் தறி சரியில்லை என்று சொல்லிவிடுவாள். நானும் உள்ளங்காலைப் பதித்து வைத்தேன். வந்தது. நாலைந்து விநாடி, உள்ளங்காலில் மெல்லிசாக ஒரு நடுக்கம். இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டு வந்த எனக்கு அன்றைக்குத்தான் அது தெரிந்தது.

"என்ர காலு சும்மாதான் இருக்குது, பாத்துக்கோ" என்றாள். இத்தனை நாளும் அவளும் தன் காலைத்தான் சந்தேகப்பட்டு, தனக்குள்ளேயே பயந்துகொண்டு இருந்திருக்கிறாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

அடுத்தது சக்கரம். அதே வேகத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். வண்டி உருண்டது, நடுக்கம் நின்றது. சக்கரத்தில் கோளாறு என்றால் உருளுகிற வரைக்கும் நடுங்கியாக வேண்டும், ஆகவே சக்கரம் இல்லை. பிறகு கியரைத் திரும்பப் போட்டு ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தாள், காணோம். லேசாக, ஒரே அளவில் மிதித்தாள், வந்தது. ஸ்டீயரிங் ஆடவே இல்லை. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். பெருந்துறை வரைக்கும் போய்த் திரும்புவதற்குள் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது.

அன்றைக்கு சர்வீஸ் சென்டர் திறந்திருந்தது. நேராக அங்கே போனோம். ஃபோர்மேன் வழக்கம்போலத் தலையாட்டிக்கொண்டே தாளை வாங்கினார். பாதி படித்ததும் தலை ஆடுவது நின்றது. கியர்பாக்ஸின் உள்ளே, என்ஜினோடு கோத்துக்கொள்ளும் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் அந்த வேகத்தில் மட்டும் வழுக்குகிறது, எண்ணெய் கெட்டிருக்க வேண்டும் என்றார். திறந்து பார்த்தபோது எண்ணெய் கறுத்திருந்தது. மாற்றிவிட்டுத் தானே நெடுஞ்சாலைக்கு ஓட்டிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏனுங்க மேடம், நீங்க எந்த கம்பெனிலீங்க வேலை பாக்கறீங்க?"

"தறி ஓட்டறனுங்க."

அந்த இடத்தில் நிமிர்ந்து நின்றது நான்தான். அந்தத் தாளில் என்னுடையது கையெழுத்து மட்டும்தான் என்றாலும், இவள் என் அக்கா என்று அங்கே நின்றிருந்த எல்லாரிடமும் சொல்ல வேண்டும்போல இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் டிரைவரை வர வேண்டாம் என்று சொல்ல மறந்தே போய்விட்டேன். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அவர் போன் செய்தார். அவிநாசிக்காரர், நிதானமான மனிதர்.

"உங்க அக்கா காப்பித்தண்ணி குடுத்து, ஈரோட்டுக்குப் போற வழிதான் ஏறுங்கன்னு சொல்லி, என்னைய எங்கூட்டு வாசல்லயே எறக்கி உட்டுப்போட்டுப் போறாங்கங்க. வண்டி அலுங்காம வந்துதுங்க. ஏனுங்க, டிரைவர் வேணும்னு சொன்னது அவிங்களுக்குங்களா, உங்களுக்குங்களா?"

"எனக்குத்தானுங்க" என்றேன்.