அக்கா சுட்ட பிஸ்கட்

அக்காவைப் பெண் பார்க்க வரவிருந்தவர்கள் ரங்கூனில் கடை நடத்திவிட்டுத் திரும்பியவர்கள். தேநீரில் பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிடுகிற குடும்பம் என்று தரகர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குன்றாண்டார்கோவில் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் அப்போதெல்லாம் காய்ச்சல்காரர்களுக்குத்தான் பிஸ்கட் வாங்குவார்கள்.

"எனக்குச் சுடத் தெரியும் ஆத்தா" என்றேன் அம்மாவிடம். தெரியாது. புதுக்கோட்டையில் சித்தியின் பக்கத்து வீட்டில் ஒருமுறை வேடிக்கை பார்த்திருந்தேன், அவ்வளவுதான். ஆனால் அந்த வயதில் எனக்கு வாய் முந்திக்கொள்ளும்.

அம்மா சீனியை நுணுக்கித் தந்தாள். நான் மைதாவில் நெய்யை விட்டுப் பிசைந்தேன். ஆப்பச் சோடா எவ்வளவு போடுவது என்று நினைவில்லை. குறைந்தால் கல்லாகிவிடுமோ என்று பயந்து தாராளமாகவே போட்டேன். உருளியில் மணலைப் பரப்பி, பிஸ்கட் அடுக்கிய தட்டை வைத்து மூடியதும், அப்பா தணலை அள்ளி மூடிமேல் கொட்டினார். புகை பட்டால் முகம் கறுத்துவிடும் என்று அக்காவை மட்டும் அடுப்படிக்குள் விடவில்லை. அவள் வாசற்படியில் நின்று, "எனக்கு மாப்பிள்ளை வர்றதும் வராததும் ஒன் கையிலதான்டி இருக்கு" என்று சிரித்தாள்.

தட்டை எடுத்தபோது பிஸ்கட்டுகள் நல்ல பொன்னிறமாக இருந்தன. ஒன்றை எடுக்கப் போன என் கையை அம்மா தட்டிவிட்டாள். "வர்றவங்களுக்கு முன்ன வாய் வச்சா எச்சிடி." ஆக, ஒருவரும் ருசி பார்க்கவில்லை.

வந்தவர்கள் உட்கார்ந்ததும் அம்மா தட்டை நீட்டினாள். "எல்லாம் பொண்ணு சுட்டதுதான், சாப்பிடுங்க."

மாப்பிள்ளையின் தாயார் ஒரு கடி கடித்தார். மெல்வதை நிறுத்தினார். வாயில் இருந்ததை மெதுவாக முந்தானையில் துப்பிக்கொண்டு தண்ணீர் குடித்தார். "சோடா கூடிப்போயி ஒரே கசப்பா இருக்கேம்மா. அடுப்படிப் பக்கம் போறதே இல்லையா?" என்று அக்காவிடம்தான் கேட்டார்.

அக்கா தலையைக் குனிந்தாள். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அக்கா சுடல, நான்தான் சுட்டேன்!"

அக்காவைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அந்த அம்மாள் என்னைப் பார்க்கவேயில்லை. என் அம்மா பக்கம் திரும்பி, "இப்பத்தானே பொண்ணு சுட்டதுன்னு சொன்னீங்க?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அம்மா தட்டைக் கீழே வைத்தாள். அப்பா துண்டை எடுத்து வராத வியர்வையைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

"சொல்லி விடுறோம்" என்று எழுந்து போனார்கள். அப்புறம் சொல்லி அனுப்பவேயில்லை.

அம்மா என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் தேவலை. அவள் எல்லாப் பிஸ்கட்டையும் அள்ளிக் கழனித்தொட்டியில் போட்டாள். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

தலையிலிருந்த பூவை எடுத்துக்கொண்டே அக்கா சொன்னாள்: "சமைக்கத் தெரியாதவன்னு நெனச்சாக்கூடப் பரவால்லடி. இப்பப் பொய் சொல்ற வீட்டுப் பொண்ணாயிட்டேன்."

இன்றைக்கும் பிஸ்கட் தட்டு யார் நீட்டினாலும் என் முகம் சுண்டிப்போகிறது.

அடுத்த வருஷம் வேறொரு வீட்டார் அக்காவைப் பார்க்க வந்தார்கள். அம்மா பழைய சொஜ்ஜி பஜ்ஜிக்கே திரும்பிவிட்டாள். என்னையும் அடுப்படியில் கூடமாட வேலை செய்ய விட்டாள், மாவுகூடக் கரைக்கச் சொன்னாள். வண்டிச் சத்தம் கேட்டதும், "செத்த நேரம் அங்கிட்டு, பக்கத்து வீட்டுல போயி இரு" என்று என்னை அனுப்பிவிட்டாள்.