உப்பளத்துப் பெண்களுக்கு ஒரு கழிப்பறை

ஜான்சிக்குக் கூட்டத்தில் பேச வராது. வார்டு மெம்பராகி நாலாவது வருடம் ஓடுகிறது. இன்னமும் பஞ்சாயத்துக் கூட்டத்தில் கதவோரம்தான் உட்காருவாள். பெண்களுக்கான வார்டு என்று அறிவித்தபோது, உப்பளத்தில் கூட வேலை செய்யும் பாஞ்சாலைதான் அவளைப் பிடித்து நிறுத்தினாள். "நீ யார் வம்புக்கும் போவாதவ. ரெண்டு தெருக்காரனும் ஓட்டுப் போடுவான்" என்றாள். அப்படியே நடந்தது. ஜெயித்த மறுநாளும் ஜான்சி பலகையைத் தூக்கிக்கொண்டு உப்பு வாரத்தான் போனாள்.

மரக்காணத்து உப்பளம் வெட்டவெளி. ஓரத்தில் இருந்த கருவேலம் புதர்களை வெட்டிவிட்ட பிறகு, ஒருவர் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் ஒரு மைலுக்குத் தெரியும். அதனால் பெண்கள் உச்சிவெயிலில்கூடத் தொண்டை நனையும் அளவுக்குத்தான் தண்ணீர் குடிப்பார்கள். போன கோடையில் பாஞ்சாலையைக் கல்லடைப்பு என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகுதான் ஜான்சி கூட்டத்தில் முதன்முதலாக எழுந்து நின்றாள். "உப்பளத்துல பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ் வேணும்" என்று சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்துவிட்டாள்.

தீர்மானம் நிறைவேறியது. கட்டத்தான் முடியவில்லை.

"அது சென்ட்ரல் கவர்மென்ட் நிலம்மா, நாங்க கை வைக்க முடியாது" என்றார்கள் பி.டி.ஓ. ஆபீசில். உப்பு நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் மத்திய அதிகாரி நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "என் கையில இல்லீங்க. மேல எழுதணும், டெல்லி வரைக்கும் போகணும்" என்றார்.

ஊர்க்காரியத்தை ஊரே பார்த்துக்கொள்ளத்தான் சட்டம் என்று மெம்பர்களுக்கான பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போது ஜான்சி அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். மேலேயிருந்து அதிகாரம் இறங்கி வருவதும் உவர்த்தண்ணீர் மாதிரிதானே, பெரிய பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு. நடுவில் ஒருவர் மடையை அடைத்தால் போதும், கடைசிப் பாத்தி காய்ந்து கிடக்கும்.

பஞ்சாயத்துத் தலைவர் வெங்கடாசலம்தான் வழி சொன்னார். "வண்டிப்பாதை ஓரம் நம்ம புறம்போக்கு. அங்க கட்டுனா எவன் கேக்கப் போறான்?"

கட்டினார்கள். தொட்டியில் தண்ணீரும் வந்தது. ஆனால் பாத்தியிலிருந்து வெகுதூரம் நடக்க வேண்டும். திறந்து ஒரு வாரமாகியும் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

"ஏன்க்கா யாரும் போவல?" என்று கேட்டாள் ஜான்சி.

"வேலைய வுட்டுட்டு அம்மாம் தூரம் போனா, மேஸ்திரி நாளைக்கு வராதன்னுடுவாரு" என்றாள் பாஞ்சாலை. "உன்ன ஓட்டுப் போட்டு மெம்பர் ஆக்குனோம். அவர ஆக்குனது ஆரு?"

ஜான்சி பலகையை எடுத்துக்கொண்டு பாத்திக்குத் திரும்பினாள்.

மறுநாள் வெயில் ஏறும் நேரம் பலகையை வரப்பில் வைத்துவிட்டு மேஸ்திரி நடராசன் முன்னால் போய் நின்றாள். காது மடல் சுட்டது.

"இன்னா மெம்பரு, அதுக்குள்ள வேலை முடிஞ்சிட்ச்சா?"

"பாத்ரூம் போவணும்ண்ணே. பஞ்சாயத்துல கேட்டேன், பி.டி.ஓ. ஆபீசுல கேட்டேன், டெல்லிக்கும் எழுதணும்னாங்க. உங்கள மட்டும் கேக்காம வுட்டுட்டேன். அதான் வந்தேன்."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்கள். நடராசன் தலையைச் சொறிந்தார்.

"இதுக்கு எதுக்கும்மா டெல்லி? நான் எப்ப வேணாம்ன்னேன்?"

"வேணாம்ங்கல. போங்கன்னும் சொல்லலியேண்ணே."

எல்லாப் பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சரி, ரெண்டு ரெண்டு பேரா போங்க. சட்டுனு வந்துடணும்" என்று சொல்லிவிட்டு அவர் கடற்கரைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"சட்டுனு வர்றதுக்கு இன்னா ரன்னிங் ரேஸா வுடறாங்க?" என்றபடி பாஞ்சாலை ஜான்சியோடு சேர்ந்துகொண்டாள்.

இருவரும் வரப்பில் நடந்தார்கள். உப்பளம் முழுக்கத் தன் முதுகைப் பார்ப்பதுபோல் இருந்தது ஜான்சிக்கு. வேகமாகப் போகத்தான் கால் சொன்னது; அவள் மெதுவாகவே நடந்தாள். பாதித் தூரத்தில் திரும்பிப் பார்த்தாள். அடுத்த இரண்டு பேர் மேஸ்திரியைக் கேட்காமலேயே வரப்பில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.