வெட்டுக்கிளியான இறால்

நான் அதிகம் பேசமாட்டேன். ஏரிச் சேற்றில் இரண்டு கையாலும் இறால் தடவும்போது, பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வோம். வாயில் பறி இருந்தால் யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள். எனக்கு அது வசதி.

கரையேறினால் கை சும்மா இருக்காது. எங்கள் ஊரில் இருக்கிற பழைய டச்சுக்காரர் கல்லறையைப் பார்க்க வருகிறவர்கள் தின்றுவிட்டுப் போடுகிற சிப்ஸ் கவர், பிஸ்கெட் கவர் எதையாவது எடுத்துவந்து, முந்தானையில் எண்ணெயைத் துடைத்து, நகத்தால் அழுத்தி மடித்து, நண்டு, படகு என்று செய்வேன். யாருக்கும் காட்டியதில்லை. சிரிப்பார்கள். ஒரு டின்னில் போட்டு மூடிவிடுவேன்.

மகனுக்குத் திருப்பாலைவனத்தில் பெண் எடுத்தோம். நெல் விளைகிற வீட்டுப் பெண். எங்கள் வீட்டு மீன் கவிச்சி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, சிப்ஸ்தான் தின்பாள். அந்தக் கவரைக் கேட்டு வாங்க எனக்குக் கூச்சம். அவள் அந்தப் பக்கம் போனதும் மெல்ல எடுத்து மடியில் செருகிக்கொள்வேன்.

ஒருநாள் காலையில் துணிப்பையோடு வாசலில் நின்றாள்.

"எங்கம்மா வீட்டுக்குப் போறேன். இனிமே வரமாட்டேன்."

"இன்னா ஆச்சு இப்போ?" என்றான் மகன்.

"உங்கம்மா நான் துன்ன கவரையெல்லாம் பொறுக்கி வெக்கிறாங்க. சோறு துன்னாம இதையே துன்றான்னு ஊரைக் கூட்டிக் காட்டத்தானே?"

மகன் என்னைப் பார்த்தான். பறி இல்லாமலே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே போய் டின்னை எடுத்துவந்து அவள் முன்னால் கவிழ்த்தேன்.

குனிந்தாள். அவள் தின்ற பச்சைக் கவரில் ஓர் இறால் செய்திருந்தேன், இரண்டு மீசையும் நீளமாக வைத்து. அதைத்தான் எடுத்தாள்.

"ஐயே, வெட்டுக்கிளி! எங்க நெல்லுல இப்படியேதான் குந்திக்கினு இருக்கும். அத்தை, நீங்களா செஞ்சீங்க?"

"அது எறாலு. அதுகூடத் தெரியல," என்று மகன் சிரித்தான்.

"வெட்டுக்கிளிதாம்மா," என்றேன். "உனக்குத்தான்."

"கேட்டியா?" என்று அவனிடம் முகவாயைத் தூக்கினாள்.

"பஸ்ஸு போயிடப் போவுது," என்றான் மகன்.

"போவட்டும்."

அன்று சாயங்காலம் ஒரு பாக்கெட்டைத் தின்று முடித்து, கவரைத் துப்பட்டாவில் துடைத்து நீட்டினாள்.

"அத்தை, தவளை வருமா?"

தவளை எனக்கு வராது. அந்தக் கவர் பாழானது. இன்னொரு கவருக்காக இன்னொரு பாக்கெட்டைப் பிரித்தாள். எனக்கும் இரண்டு சிப்ஸ் கொடுத்தாள்.