பைக்குள் கேட்ட சத்தம்

எங்கள் கொல்லையில் மூன்று கோழிகள் நின்றன. இன்னும் நாலு குஞ்சு வாங்கலாமா என்று நான் கேட்கும்போதெல்லாம் மனைவி, "இருக்கதே போதும், யாரு கூட்டிப் பெருக்க?" என்று முடித்துவிடுவாள்.

போன மாதம் குருவிகுளத்தில் அவளுடைய அக்கா வீட்டுக்குப் போய்விட்டு, சங்கரன்கோவிலுக்கு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். கண்டக்டர் எங்கள் சீட்டருகே வந்து, "அண்ணாச்சி, போனு அடிக்கி, எடுங்க" என்றார்.

என் போன் அடிக்கவில்லை. கீச்சு கீச்சென்ற சத்தம் மனைவியின் மடியிலிருந்த பையிலிருந்து வந்தது. விரித்துப் பார்த்தேன். பழைய துண்டுக்கடியில் ஆறு குஞ்சுகள்!

"அக்கா ஆசையா குடுத்தா. வேண்டாம்னு எப்படிச் சொல்ல?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். ஊர் வந்து இறங்குவதற்குள், கூட்டை எந்தப் பக்கம் பெரிதாக்க வேண்டும் என்றுகூட அவளே சொல்லிவிட்டாள்.