பிரேக் நன்றாகத்தான் இருக்கிறதாம், என் கால்தான் சரியில்லையாம்!

போன வருடம் மழைக்காலத்தில், மஸ்கெலியாவிலிருந்து ஹட்டனுக்குப் போகும் வழியில் நடந்தது இது. நினைத்தால் பயம் வர வேண்டும். எனக்கு வருவதோ ஆத்திரம்தான்.

நான் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. பஸ்ஸுக்குக் காத்துக் காத்து அலுத்துப்போய், பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி நானே ஓட்டுகிறேன். ஹட்டனில் அறை எடுத்துத் தங்கியிருந்த யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருவரும் தினமும் என்னோடு வருவார். அப்போது அவருக்கு ஏழாம் மாதம்.

கொஞ்ச நாளாகவே காரின் பிரேக் எனக்குப் பிடிபடவில்லை. மிதித்தவுடன் நன்றாகப் பிடிக்கும். ஆனால் இறக்கத்தில் நிறுத்திக் காலை அப்படியே வைத்திருந்தால், பெடல் மெல்ல மெல்லக் கீழே போகும். எடுத்து மறுபடி மிதித்தால் மேலே வந்துவிடும். வழக்கமாகப் போகும் கராஜில் இதை விலாவாரியாகச் சொன்னேன். மெக்கானிக் பாதிதான் கேட்டார். பிரேக் குழாயில் காற்று ஏறியிருக்கும் என்று சொல்லி அதை எடுத்துவிட்டார். கடைத்தெருவில் ஒரு சுற்று ஓட்டினார், நாலு தடவை ஓங்கி மிதித்தார், சாவியைக் கையில் கொடுத்தார்.

இரண்டே நாளில் பழைய கதை. திரும்பவும் போய் நின்றேன். அப்போதுதான் அந்தப் பொன்மொழியைச் சொன்னார்.

"அக்கா, வண்டியில ஒண்ணுமில்லைங்க. பொம்பளைங்க பயந்து பயந்து மிதிப்பீங்க. நல்லா அழுத்தி மிதிங்க, நிக்கும்."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நான் விடவில்லை. பிரேக் ஒயிலைத் தினமும் பார்க்கிறேன், குறையவில்லை. சக்கரங்களின் பக்கமும் ஈரமில்லை. வெளியே கசியாமல் பெடல் இறங்குகிறது என்றால் உள்ளுக்குள்ளேயே எங்கேயோ விடுகிறது, அதைப் பாருங்கள் என்றேன். "ஒயிலே குறையலையா? அப்பப் பிரச்சினையே இல்லையே!" என்று நான் சொன்னதை வைத்தே என் வாயை அடைத்துவிட்டார். வயிறு எரிய வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வாரம் ஒருநாள் பாடசாலை விட்டு வருகிறோம். பாதையில் மண் சரிந்திருந்தது, அதை அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பக்கமாகத்தான் வாகனங்களை விட்டார்கள். நல்ல இறக்கம். எங்களுக்கு முன்னால் தேயிலைக் கொழுந்து ஏற்றிய ஒரு லொறி. பிரேக்கில் கால் வைத்துக் காத்திருந்தேன். என் காலுக்கடியில் பெடல் இறங்க ஆரம்பித்தது.

"அக்கா, கார் முன்னுக்குப் போகுது!" என்று அவர் கத்தினார்.

மெக்கானிக் சொன்னபடி ஓங்கி மிதித்தேன். இந்தத் தடவை பெடல் மேலே வரவேயில்லை, அடி வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். லொறியின் பின்பலகைக்குக் கை நுழையும் அளவு கூட இடைவெளியில்லாமல் கார் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

லொறி நகர்ந்ததும் மண் அள்ளியவர்கள் வந்து காரை ஓரங்கட்டி, சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள். தோழியைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

"ரெண்டு மூணு தரம் மிதிச்சு மிதிச்சு மெதுவா எடுத்துட்டு வாங்கக்கா, பார்ப்போம்."

கோபத்தில் எனக்குக் கண் மண் தெரியவில்லை. "இந்த எறக்கத்துல நான் எடுத்துட்டு வரணுமா? நீங்க வாங்க இங்க!" என்று கத்தியதில் மண் அள்ளியவர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அப்படியும் வருவாரோ மாட்டாரோ என்று, ஹட்டனில் போன் கடையில் வேலை செய்யும் என் தம்பிக்கும் போன் செய்து அவரைக் கூட்டிவரச் சொன்னேன். ஓர் ஆண் போய்க் கூப்பிட்டால்தான் வருவார் என்று நானே நினைக்க வேண்டியிருந்ததே, அது இன்னும் கேவலமாக இருந்தது.

இருவரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மெக்கானிக் காரில் ஏறி உட்கார்ந்து, டக் டக்கென்று மிதித்தார். பெடல் மேலே வந்துவிட்டது! "நல்லாத்தானே இருக்கு" என்று என் தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

"அப்படி மிதிக்காதீங்க. இஞ்சினைப் போட்டுட்டு லேசா காலை வைங்க. வச்ச காலை எடுக்காம இருங்க" என்றேன்.

வேண்டாவெறுப்பாக வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவருடைய முழங்கால் மெதுவாக நீள ஆரம்பித்தது. பெடல் போய்க்கொண்டே இருந்தது. முகம் மாறிவிட்டது. எந்த மிதியைக் கேலி செய்தாரோ, அந்த மெல்லிய மிதியில்தான் கோளாறே தெரிந்தது. ஓங்கி ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தால் ஆயுளுக்கும் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

இறங்கி வந்தவர் யாரிடம் பேசினார் தெரியுமா? என் தம்பியிடம்! "மாஸ்டர் பம்ப்ல உள்ளுக்குள்ள ரப்பர் தேஞ்சிருக்கு தம்பி. ஒயில் வெளிய வராம உள்ளயே பின்னால போயிடுது. புதுசு போடணும்னு அக்காகிட்ட சொல்லுங்க." அந்த அக்காவான நான் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

தம்பி சிரிக்காமல் சொன்னான்: "எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதுங்க. அவங்க அங்கதான் நிக்கிறாங்க, அவங்ககிட்டயே சொல்லுங்க."

காரை லொறியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் புதிய மாஸ்டர் பம்ப் போட்டார்கள். சாவியை வாங்குவதற்கு முன் நானே ஏறி உட்கார்ந்து, லேசாகக் காலை வைத்து, அவர் பொறுமையிழந்து கடிகாரத்தைப் பார்க்கும் வரை எடுக்காமல் இருந்தேன். பெடல் அசையவில்லை. அவரிடமிருந்து மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் ஒன்று. நான் சொன்னதை ஒரு நிமிடம் நம்பிக் காலை வைத்துப் பார்த்திருந்தால், ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி அந்த லொறிக்குப் பின்னால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்திருக்கமாட்டாள். அந்த ஒரு நிமிடத்தை எனக்குத் தர மறுத்த கோபம் இன்னும் ஆறவில்லை, என் கால் உணர்ந்ததை நம்ப இனி நான் யாருடைய அனுமதியையும் கேட்பதாகவும் இல்லை.