முதலாளி பேசினால் சிரித்தார்கள்

கொட்டகையில் பன்னிரண்டு பேரே உட்கார்ந்திருந்தாலும், எங்கள் முதலாளி படுதாவுக்கு முன்னால் வந்து, சரிகை அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, "மகா ஜனங்களே, தங்கள் ஆதரவே எங்கள் உயிர்" என்று கைகூப்பிப் பேசிய பிறகுதான் நாடகம் தொடங்கும். எதிரே நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். அவர் கண்ணுக்கு மட்டும் அங்கே ஆயிரம் பேர் தெரிவார்கள் போலிருக்கிறது. மேடையோரம் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருக்கும் நான், அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டுக் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் சாந்தோம்காரன். மாதா கோயில் பாடகர் குழுவில் வாசித்துப் பழகி, மயிலாப்பூரில் இருந்த அந்த நாடகக் கம்பெனியில் சேர்ந்தவன். முதலாளி சைதாப்பேட்டைக்காரர், கம்பெனியின் ராஜபார்ட்டும் அவரே. மேடையில் செந்தமிழ் கொட்டும். இறங்கிவிட்டால், "இன்னா நைனா, துன்னியா?" என்பார். யுத்தத்தில் குண்டுக்குப் பயந்து பட்டணமே காலியானபோது பாதி நடிகர்கள் ஊருக்கு ஓடிவிட்டார்கள். பெண் வேஷக்காரன் இல்லாத நாளில் மீசையை மழித்துக்கொண்டு அவரே ராணியாகவும் வந்தார். யுத்தம் முடிந்தும் எங்கள் கூட்டம் திரும்பவில்லை. அது சினிமாவுக்குப் போய்விட்டது.

அந்தச் சமயத்தில் அடையாற்று ஸ்டுடியோ ஒன்றிலிருந்து ஒரு டைரக்டர் மூன்று நாள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். நாடகக் கம்பெனி முதலாளி ஒருவரைப் பற்றிப் படம் எடுக்கப்போவதாகவும், அந்த வேஷத்தை இவரே போட வேண்டும் என்றும் கேட்டார். முதலாளிக்குக் கால் தரையில் பாவவில்லை. "நம்ம படற பாட்ட ஊரே பாக்கப் போவுது நைனா" என்றார்.

டைரக்டர் என்னைத் தனியே அழைத்தார். "இது காமெடிப் படம். அவருக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் நடிக்க ஆரம்பித்துவிடுவார்." ஸ்டுடியோ வாத்திய கோஷ்டியில் எனக்கு ஓர் இடம் இருப்பதாகவும் சொன்னார். தலையாட்டினேன். பெரிதாக எதுவும் யோசித்ததாக நினைவில்லை. அவ்வளவு அலுத்துப்போயிருந்தேன்.

படப்பிடிப்பில் முதலாளி காலி நாற்காலிகளைப் பார்த்து உருக்கமாகப் பேசினார். லைட் பிடித்தவர்கள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார்கள். "இன்னாத்துக்கு சிரிக்கிறானுங்க?" என்று என்னிடம் கேட்டார். "அவங்களுக்குள்ள ஏதோ பேச்சு" என்றேன்.

படம் வெளியானதும் தியாகராய நகரில் மாட்னி ஆட்டத்துக்கு மனைவியோடு வந்தார். திரையில் அவர் வாயைத் திறந்ததுமே கொட்டகை அதிர்ந்தது. அவர் மனைவியும் சிரித்துவிட்டார். பிறகு திரும்பி அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முதலாளி படத்தைப் பார்க்கவில்லை. சுற்றியிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் எங்கள் நாடகத்துக்கு நிற்க இடமில்லை. இறந்த மகனை மடியில் போட்டுக்கொண்டு அரசன் புலம்பும் காட்சி. நான் முகாரியைப் பிடித்தேன். முதல் வரியிலேயே சிரித்தார்கள். குரலை உயர்த்தினார், இன்னும் சிரித்தார்கள். பேசாமல் நின்று பார்த்தார், அதற்கும் சிரித்தார்கள். ஒரு வசனம் விடாமல் அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே முழு நாடகத்தையும் முடித்தார். கூட்டம் மாதக்கணக்கில் வந்தது. கம்பெனியில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டோம். அவர் மட்டும் ஒத்திகைக்கு வருவதை நிறுத்திவிட்டார். பிறகு கம்பெனியைக் கலைத்துவிட்டு, சினிமாவில் சிரிப்பு வேஷங்களுக்குப் போனார். நான் ஸ்டுடியோவில் சேர்ந்தேன்.

இன்று என் வயது அன்றைய அவர் வயதைத் தாண்டிவிட்டது. எத்தனையோ படங்களுக்கு வாசித்துவிட்டேன். ஒன்றுகூட மனதில் தங்கவில்லை. தங்கியிருப்பது பனகல் பார்க் பக்கத்தில் அவரைக் கடைசியாகச் சந்தித்த மத்தியானம்தான். வெயிலில் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. எதிரே போன இரண்டு பேர் அவரைக் கண்டு சிரித்துக்கொண்டே போனார்கள். அவர் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

என் பக்கம் திரும்பி, "உனுக்கு அப்பவே தெரியும்ல?" என்றார்.

"தெரியும், முதலாளி."

"உனுக்குத் தெரியும்னு எனுக்கும் தெரியும் நைனா. என்னிக்காவது நீயா சொல்லுவியான்னுதான் பாத்துக்கினு இருந்தேன்."

கோபமே இல்லாத குரல். மயிலாப்பூர் பஸ் வந்தது. கம்பியைப் பிடித்து மெல்ல ஏறினார். நானும் அதே பஸ்ஸில்தான் போக வேண்டியிருந்தது. ஏறவில்லை.