எடுத்த கை எழுதாது

பிப்ரவரி இருபத்தேழு, வெள்ளிக்கிழமை. விடியலில் பிடித்த தூறல் பிற்பகல் வரை விடவில்லை. வெளிநாட்டில் நீர்ச் சுத்திகரிப்பைப் பற்றிய மேற்படிப்புக்கு என் மருமகள் விண்ணப்பிக்க அன்றே கடைசி நாள். அலுவலகத் தலைவர் தர வேண்டிய பரிந்துரைக் கடிதம் ஒன்றைத் தவிர, மற்றவை யாவும் ஆயத்தமாக இருந்தன. அது வராவிட்டால் விண்ணப்பம் செல்லாது; இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

அவள் நகரக் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் பணிபுரிகிறாள். தெருத் தெருவாகச் சென்று, குழாய்களில் நீர் பிடித்து, குளிர்ப்பெட்டியில் புட்டிகளை அடுக்கிக்கொண்டு வருவாள். தெருக்காரர்கள் அவளுக்கு இட்ட பெயர் பாட்டிலக்கா. பேருந்துப் பணிமனையில் மின்பணி செய்யும் என் மகனுக்கும் அந்தப் பெயர் வாயில் ஒட்டிக்கொண்டது. கட்டிய மனைவியை அக்கா என்று அழைக்கும் வீடு எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருக்கும்.

படிக்கப் போக வேண்டும் என்னும் பேச்சை அவள் எடுத்தபோது அவன் மறுக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் அப்பாவும் தானும் சமைத்துச் சாப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னான்.

“எனக்கு இருக்கிற ஒரே பயம் அதுதான்” என்றாள் அவள்.

தன் நோக்கத்தை விளக்கும் கட்டுரையை அவள் பல முறை அடித்துத் திருத்தி எழுதினாள். சிறு வயது முதலே நீரின்மேல் தீராத ஆர்வம் என்றுதான் முதற்படி தொடங்கியது. நான் அதில் எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருக்கையில் அவளே தாளை வாங்கி, அந்த வரியின்மேல் கோடு இழுத்தாள்.

“பொய் மாமா. சின்ன வயசுல தண்ணின்னாலே, ஐயோ குளிக்கணுமேன்னு ஓடுவேன்.”

அதற்குப் பதிலாக, சென்ற ஆண்டு நடந்த ஒன்றை வைத்துத் தொடங்கினாள். ஒரு தெருவின் கடைக்கோடிக் குழாயில் எடுத்த நீர் இரு முறையும் தூயதென்றே வந்தது. ஆயினும் அத்தெருவில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. மோட்டார் ஓடாத வேளையில் மீண்டும் சென்று எடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது. குழாயில் அழுத்தம் குறையும்போதெல்லாம், உடைந்த ஓர் இணைப்பின் வழியே சாக்கடை நீர் உள்ளே கசிந்துகொண்டிருந்தது. அது ஏன் எங்களுக்கு முன்பே தெரியவில்லை, எப்படிக் கண்டுபிடித்திருக்கலாம் என்பதைக் கற்கவே வர விரும்புகிறேன் என்று கட்டுரையை முடித்தாள். அதன்பின் நான் கை வைத்தது இரண்டொரு காற்புள்ளிகளில் மட்டுமே.

முதற்பரிந்துரையைக் கல்லூரிப் பேராசிரியை உடனே அனுப்பிவிட்டார். இரண்டாவதுதான் இழுத்தது. பரிசோதனைக்கூடத் தலைவர் நல்லவர். ஆனால், கேட்கும்போதெல்லாம், “நீயே எழுதி எடுத்துட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுடறேன்” என்பார். பல இடங்களில் அதுவே வழக்கம். கெட்டிக்காரர்கள் அதைக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததாகக் கொண்டாடுவார்கள். இவளுக்கோ பேனா ஓடவில்லை. நாள் முழுவதும் உட்கார்ந்து எழுதியதை என் மகன் வாங்கிப் படித்தான். வருகை ஒழுங்கு, பணி திருப்திகரம், குறிப்பிடத்தக்க குறைபாடு காணப்படவில்லை.

“இது நீ இல்ல, நம்ம தெருக் குழாய்” என்றான் அவன்.

பிறகு அவனே ஒன்று எழுதினான். இலக்கணப் பிழை இல்லாததுதான். ஆனால் அதில் அவள் மாசற்ற மாணிக்கமாகவும், நிர்வாகத்தைத் தாங்கும் தூணாகவும், அன்னை உள்ளம் கொண்டவளாகவும் விளங்கினாள். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த மாணிக்கத்தை அனுப்பினால் அவர்கள் அருங்காட்சியகத்தில்தான் வைப்பார்கள் என்றாள்.

கடைசி நாள் காலையில் அவள் வெறுங்கையோடுதான் அலுவலகத்துக்குப் புறப்பட்டாள். நடந்ததை மாலையில் எங்களுக்கு ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அந்தக் கூடத்தில் தலைவர் வகுத்த விதி ஒன்று உண்டு. நீரைப் பிடித்து வந்தவர் அதன் முடிவை எழுதக்கூடாது. வேறொருவர்தான் சோதித்து எழுத வேண்டும். எடுத்த கை எழுதாது என்பது அவர் நாள்தோறும் சொல்லும் வாக்கியம். அவள் அதையே அவர் மேசையில் வைத்தாள்.

“சார், எடுத்த கை எழுதக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? என்னைப் பத்தி நானே எப்படி சார் எழுதுவேன்?”

அவர் எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினாராம்.

“வசமா மாட்டிவிட்டுட்டியே. உட்காரு. நீ பாட்டுக்குப் போயிட்டா கடைக்கோடிக் குழாய்க்கு யாரை அனுப்புவேன்னுதான் இத்தனை நாளும் தட்டிக் கழிச்சேன்.”

மூடி வைத்த மனத்தைத் திறந்தபின் அவருக்கு வேலை எளிதாயிற்று. கதவைச் சாத்திக்கொண்டு, கணினியில் ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். இடையிடையே அவளிடம் கேள்விகள் கேட்டார். மூன்றாம் முறையும் அத்தெருவுக்குப் போகச் சொன்னது யார்? ஒருவரும் சொல்லவில்லை. மோட்டார் ஓடாத நேரம் எதுவென்று எப்படித் தெரிந்தது? இயக்குபவரின் மனைவியிடம் கேட்டாள். அதற்கு அவர் சிரித்தாராம். என்ன எழுதினார் என்பதை அவள் பார்க்கவில்லை. பார்க்கவும் கூடாது, அது நேரே பல்கலைக்கழகத்துக்குச் செல்வது. கடிதம் கிடைத்ததாகப் பிற்பகலில் அவளுக்குச் செய்தி வந்தது. சற்று நேரத்தில் அவளும் விண்ணப்பத்தை அனுப்பி முடித்தாள். தூறலும் அப்போதுதான் நின்றதாம்.

எங்களிடம் அவள் கடைசியாகச் சொன்னது ஒன்று உண்டு. கடிதத்தை எழுதி முடித்த தலைவர் உடனே அனுப்பிவிடவில்லை. விரலைப் பொத்தானின்மேல் நிறுத்திவைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். எந்தப் பதில் அவர் மனத்தைக் குளிர்விக்கும் என்பதும், அந்த விரல் இன்னும் அழுத்தவில்லை என்பதும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“படிச்சு முடிச்சுட்டு இங்கேயே திரும்பி வருவியாம்மா?”

“தெரியல சார்.”